கொக்கியில் பாரம் தொங்கும்போது

நிக்கோபோல்
22 ஜூன் 2023, வியாழன்

என் செல்ல மகள் யாரினாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் சாகவில்லை. கை கால் முழுசாக இருக்கின்றன, பசியும் வழக்கம்போல நன்றாகவே எடுக்கிறது. லூப்ளினில் நீயும் குழந்தை ஸ்லாத்தாவும் சுகம்தானே? போனில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் நீதான், "பஸ்ல ஏறி உக்காந்துட்டுக் கூப்பிடு, அதுவரைக்கும் எனக்குப் போன் போடாதே" என்று சொல்லிவிட்டு ஒன்பது நாளாக எடுக்க மாட்டேன் என்கிறாய். இந்த வீம்பு உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அதனால் கோபித்துக்கொள்ளவில்லை. பார்சல் வண்டிக்காரர் பெத்ரோ இன்று மாலை வருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்தக் கடிதத்தை நீ வாங்காமல் இருக்க முடியாது. நீ கேட்ட காகிதமும் இதே பெட்டியில்தான் வருகிறது.

முதலில் நீ பயப்படுகிற விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். குழாயில் தண்ணீர் வரவில்லை, உண்மைதான். அணை உடைந்த அன்றிலிருந்து வரவில்லை. கடல் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பெரிய நீர்ப்பரப்பு இப்போது வெறும் சேறு. செத்த மீன் நாற்றம் நம் ஒன்பதாம் மாடி வரைக்கும் ஏறி வருகிறது. தண்ணீர் லாரி காலையில் வருகிறது. லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். மேல் மாடிகளில் என்னைச் சேர்த்து ஐந்து கிழங்கள் இருக்கிறோம், படியில் கேன் தூக்கி ஏற யாராலும் முடியாது. இதற்கா முப்பத்தோரு வருஷம் குழாய் ஆலையில் கிரேன் ஓட்டினேன்? உன் அப்பாவின் பழைய கப்பியை பால்கனியில் மாட்டினேன். கயிற்றைப் போட்டேன். எட்டாம் மாடித் தமாரா கீழே நின்று கேனைக் கட்டிவிடுகிறாள், நான் மேலே நின்று இழுக்கிறேன். ஒரு சொட்டு சிந்துவதில்லை. தமாராவுக்குத்தான் முடிச்சுப் போட வரவில்லை, தினமும் என்னிடம் வசவு வாங்குகிறாள். "ஆலையில உன் கீழ வேலை பார்த்தவங்க எல்லாம் எப்படிடி உயிரோட இருக்காங்க?" என்று நேற்று கேட்டாள். யாரும் செத்ததில்லை, அதுதான் என் பெருமை என்று சொன்னேன்.

குண்டு விழுவதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எதிரி பிடித்துக்கொண்ட அக்கரையிலிருந்து காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். அணு உலைக்குப் பக்கத்திலேயே பீரங்கியை நிறுத்திக்கொண்டு அடிக்கிறார்கள். நம்மவர்கள் திருப்பி அடிக்க முடியாது என்ற தைரியம்.

உலையை வெடிக்க வைத்துவிடுவார்கள் என்ற பேச்சு இந்த வாரம் பலமாக இருக்கிறது. அதற்காகச் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் ஒத்திகை நடந்தது. வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்ட ஆட்கள் வந்தார்கள். கதிர்வீச்சிலிருந்து கழுத்துச் சுரப்பியைக் காக்கிற அயோடின் மாத்திரை கொடுத்தார்கள். நானும் தமாராவும் வரிசையில் நின்று முன்னால் போனால், அந்தப் பெண் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நாப்பது வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு இது அவசியம் இல்லைம்மா" என்று அனுப்பிவிட்டாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தமாராவுக்கு வந்ததே ரோஷம்! "எங்க கழுத்துக்கு மதிப்பே இல்லையா?" என்று கத்திவிட்டு வீட்டுக்குப் போனவள், அயோடின் டிங்சர் புட்டியை எடுத்து, உனக்குச் சளி பிடித்தால் நெஞ்சில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுவிடுவேனே, அதே மாதிரி கழுத்து, நெஞ்சு, முதுகு எட்டிய வரைக்கும் வலை போட்டுக்கொண்டாள். மறுநாள் தண்ணீர் வரிசையில் அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் போட்டுக்கொண்டார்கள். இப்போது நம் கட்டடமே மீன் வலைக்குள் மாட்டிக்கொண்டது மாதிரி இருக்கிறது. எனக்கும் போடப் புட்டியோடு வந்தாள். உன் அப்பாவை அந்தக் காலத்தில் வெடித்த உலைக்கு மண் அள்ள அனுப்பினார்களே, அவரும் இதைப் போட்டுக்கொண்டுதான் போனார், என்ன பிரயோஜனம் என்று கேட்டேன். பாவம், முகம் வாடிப்போயிற்று. அப்புறம் கையில் மட்டும் ஒரு கட்டம் போட்டுக்கொண்டேன்.

நான் வரமாட்டேன், யாரினா. இதை எத்தனை தடவை எழுதினாலும் அதேதான். நான் போனால் கப்பியை யார் இழுப்பது?

இனி, நீ கேட்ட காகிதம். உங்கள் திருமணச் சான்றிதழ் அலமாரியில் போர்வைக்கு அடியில் இருந்தது, எடுத்து உறையில் வைத்துவிட்டேன். விவாகரத்துக்கு மனு போட அது வேண்டும் என்றாய். போடு. பத்து மாதத்துக்கு முன்னால் நான் என்ன சொன்னேனோ அதில் மாற்றமில்லை. தமாராவின் சமையலறைச் சுவர் விழுந்த அன்று, அக்கரை ஊரிலிருந்து உன் புருஷன் நஸார் போன் போட்டு நலம் விசாரித்தான். "எங்க நலம் உனக்கு எதுக்கு? குண்டு போடுறவன் பக்கத்துல உக்காந்து டீ குடிக்கிறவன்தானே நீ" என்று கேட்டுவிட்டு வைத்தேன். நீயும் ஸ்லாத்தாவும் போர் தொடங்கிய மாதமே கிளம்பிவிட்டீர்கள், அவன் உலை வேலையை விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே இருந்தான். சரி, வேலை என்றான். போன குளிர்காலத்தில், உலையைப் பிடித்துக்கொண்ட புது எஜமானர்களின் காகிதத்தில் கையெழுத்தும் போட்டானே, அதற்கு என்ன பெயர்? துரோகிக்கு வேறு பெயர் கிடையாது. உன் பக்கம்தான் நான்.

பெட்டியில் தேன், காய்ந்த காளான், ஸ்லாத்தாவுக்குப் பின்னிய தொப்பி வைத்திருக்கிறேன். பெத்ரோ வரும் நேரமாகிவிட்டது.

25 ஜூன், ஞாயிறு

பெத்ரோ வரவில்லை. வழியில் குண்டுச் சிதறல் பட்டு வண்டியின் முன் கண்ணாடி போய்விட்டதாம். அவருக்கு ஒன்றும் இல்லை, அடுத்த நடைக்கு, அதாவது ஆறாம் தேதிதான் வருவாராம். அதனால் கடிதம் மேசை மேலேயே கிடந்தது. கிடந்தது நல்லதாகப் போயிற்று.

நேற்று நடந்ததை நீயும் பார்த்திருப்பாய். எதிரியின் கூலிப்படை தன் எஜமானன் மேலேயே திரும்பிவிட்டது என்று காலையில் தமாரா கதவை உடைக்காத குறையாகத் தட்டினாள். "எழுந்திருடி லீதியா! அவங்களுக்குள்ளயே வெட்டுக்குத்து! டாங்க் எல்லாம் தலைநகரத்தைப் பார்த்துப் போகுது!" என்றாள். கழுத்தில் வலையோடு அவள் குதித்ததைப் பார்க்க வேண்டுமே. பத்து மணிக்குள் கட்டடத்தில் உள்ள எல்லோரும் கீழே பெஞ்சில் கூடிவிட்டோம். ஆளுக்கு ஒரு கை சூரியகாந்தி விதை. கொறித்துத் துப்புவதும் போனைப் பார்ப்பதும்தான் வேலை. "இன்னும் நானூறு கிலோமீட்டர்!" என்பார் ஒருவர். "முன்னூறு!" என்பார் இன்னொருவர். நமக்கு இத்தனை நாள் அழுகை, ஒரு நாளாவது வேடிக்கை பார்க்கலாமே. மூன்றாம் மாடி ஆசிரியர், இந்த இரண்டு பேரில் யார் ஜெயிக்க வேண்டும் என்று கேட்டார். "ரெண்டு பேரும் தோக்கட்டும், அவசரமே இல்லை, மெதுவா தோக்கட்டும்" என்றாள் தமாரா. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மத்தியானத்துக்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் இழுக்க மேலே வந்தேன். பால்கனியில் நின்றால் அக்கரை நேராகத் தெரியும், உனக்குத் தெரியாததா? ஆறு உலைகளும் வரிசையாக நிற்கின்றன. வீட்டில் எஜமானுக்கும் அடியாளுக்கும் சண்டை வந்தால் அவர்கள் கையில் இருக்கிற சாமான் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். கயிற்றைப் பிடித்த கை ஒரு நிமிஷம் நின்றுவிட்டது. கீழேயிருந்து தமாரா, "தூங்கிட்டியா?" என்று கத்தினாள்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். என் போன் அடித்தது. பார்த்தால் எதிரி நாட்டு எண். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது, அதையும் எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்து, யார் என்றுகூடக் கேட்காமல், கிரேன் மேலிருந்து கீழே நிற்பவனைத் திட்டுவேனே, அந்தக் குரலில் அவன் பரம்பரையையே இழுத்துவிட்டேன். மூச்சு வாங்க நான் நிறுத்தியபோது, அந்தப் பக்கம், "முடிஞ்சுதா அத்தை? நான் நஸார்" என்றது.

பத்து மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல்.

அது வாசலில் காவல் நிற்கிற ஒருவனுடைய போனாம். அவன் பெண்டாட்டி இருக்கிற ஊரில்தான் காலையில் டாங்குகள் புகுந்திருக்கின்றன. அவள் அனுப்பிய படத்தை நஸாரிடம் காட்டி, "இது நெசமா?" என்று கேட்டு அழுதிருக்கிறான். துப்பாக்கி வைத்திருக்கிறவன், நம்ம ஆளிடம் கேட்டு அழுகிறான்! நிஜம்தான் என்று இவன் சொன்னதும், "உனக்கும் யாராவது இருப்பாங்களே, பேசிக்கோ" என்று போனைக் கொடுத்திருக்கிறான். நஸார் முதலில் உனக்குத்தான் போட்டானாம். இரண்டு தடவை. நீ எடுக்கவில்லை.

நான் கேட்ட முதல் கேள்வி, அங்கே என்ன நடக்கிறது என்பதுதான். "வெளி வராந்தாவுல ரெண்டு கோஷ்டியா பிரிஞ்சு நின்னு கத்திக்கிறாங்க அத்தை. பாதிப் பேரு ஊருக்குக் கிளம்பணும்ங்கிறான், பாதிப் பேரு கிளம்பினா சுடுவேங்கிறான். நாங்க உள்ள கட்டுப்பாட்டுப் பலகை முன்னாடி உக்காந்திருக்கோம்" என்றான். உலையைக் குளிர்விக்கிற பம்புகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை. குரல் ஏதோ மழை வருமா வராதா என்று சொல்கிற மாதிரி இருந்தது.

அப்புறம்தான் சொன்னான், நாலு மணிக்கு அவனை மாற்ற வேண்டிய விக்தர் வரவில்லையாம். ஊர் எல்லையில் உள்ள சோதனைச் சாவடி காலியாகக் கிடக்கிறது, காவலுக்கு ஆளில்லை, விக்தர் பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். தெற்கே இறங்கிச் சுற்றிப் போனால் நாலு நாளில் நீ இருக்கிற போலந்து.

"உன் கார் எங்கே?" என்று கேட்டேன்.

"கீழதான் நிக்குது. டாங்க் நிறைய பெட்ரோல் இருக்கு" என்றான்.

"அப்புறம் என்னடா மயிராண்டி நின்னு பேசிக்கிட்டிருக்க? ஓடு!" என்று கத்தினேன். மாப்பிள்ளை என்ற மரியாதை எல்லாம் எங்கே போயிற்றோ. யாரினா, அந்த நிமிஷம் அவன் துரோகி என்பதெல்லாம் எனக்கு நினைவிலேயே இல்லை. குழந்தைக்கு அப்பா வந்து சேரட்டும் என்பதுதான் இருந்தது.

அவன், "யார்கிட்ட ஒப்படைச்சிட்டுப் போறது அத்தை?" என்று கேட்டான்.

அவ்வளவுதான் கேட்டான். அங்கே ஒரு நோட்டு இருக்கிறது, அடுத்து வருகிறவன் அதில் கையெழுத்துப் போடாமல் முன்னவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. பழைய விதி. புது எஜமானர்கள் கூட்டி வந்த ஆட்களை உட்கார வைக்கலாமே என்றேன். "அவங்களுக்கு எந்த வால்வு எங்க இருக்குன்னே இன்னும் சரியா தெரியல. அதனாலதான் அந்தக் காகிதத்துல கையெழுத்தே போட்டேன். போடலைன்னா பலகைப் பக்கமே விட மாட்டேன்னாங்க" என்றான். இத்தனை மாதமாக இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். எங்கே சொல்லுவான்? நான்தான் போனை வைத்துவிட்டேன், நீ அவன் எண்ணிலிருந்து அழைப்பே வராதபடி அடைத்துவிட்டாய்.

கடைசியாக, "ரோடு திறந்திருந்துச்சுன்னு யாரினாகிட்ட சொல்லாதீங்க. வரலாம்னு இருந்தும் வரலைன்னு தெரிஞ்சா ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டா. உங்களுக்குத் தண்ணி வருதா?" என்று கேட்டான். வருகிறது என்று பொய் சொன்னேன். அந்தக் காவல்காரன் ஏதோ அதட்டினான், போன் கட்டாகிவிட்டது.

சொல்லாதே என்றான், சொல்லிவிட்டேன். கோபம் வருகிறதா? வரட்டும். ஆனால் நான் இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதற்கு மேல் கோபித்துக்கொள்.

உனக்கு அப்போது ஐந்து வயது, பாலர் பள்ளியில் நான் கூட்டிப்போக வருவேன் என்று காத்திருந்தாய். இன்று வரைக்கும் சொல்லிக் காட்டுகிறாய், "எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க, நான் மட்டும் கோட்டு போட்டுக்கிட்டு வாட்ச்மேன் அம்மாகூட உக்காந்திருந்தேன்" என்று. உன் அப்பா அதற்காக என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. கரண்ட் போயிற்று என்று மட்டும்தான் உங்களிடம் சொன்னேன். ஆலையில் கரண்ட் போனபோது என் கொக்கியில் நாலு டன் குழாய்க் கட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. பிரேக் பழசு, கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிற ஜாதி. அதைக் கையால் பிடித்து நிறுத்த வேண்டும். கீழே வழியாகத்தான் இரண்டு ஷிப்ட் ஆட்களும் போகிறார்கள். என்னை மாற்ற வேண்டியவள் கரண்ட் இல்லை என்று வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள். கொக்கியில் பாரம் தொங்கும்போது கிரேன்காரி இறங்கக் கூடாது. ஐந்தரை மணி நேரம் அந்த இரும்புக் கூண்டில், நெம்புகோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நீ காத்துக்கொண்டிருப்பாய் என்று அழுதுகொண்டே நின்றேன். இறங்கியிருக்கலாம். ஏணி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அப்படிப்பட்ட நான், நஸாரைத் துரோகி என்று சொன்னேன். நீயாகச் சொல்லவில்லை, யாரினா. உனக்கு அவன் மேல் வருத்தம் இருந்தது, கோபம் இருந்தது, அந்த வார்த்தை உன்னிடம் இல்லை. நான்தான் தினமும் போனில் ஓதி ஓதி உன் காதில் போட்டேன். தமாராவின் சுவர் விழுந்த ஆத்திரம், யார் மேலாவது இறக்க வேண்டியிருந்தது, கைக்கு எட்டினவன் அவன். தப்பு என்னுடையது. இப்படி எழுதிப் பழக்கமில்லை எனக்கு, அதனால் ஒரு தடவைதான் எழுதுவேன், திரும்பப் படித்துக்கொள்.

நேற்று ராத்திரிக்குள் அந்தக் கலகமும் முடிந்துவிட்டது. போனவர்கள் திரும்பிவிட்டார்களாம், ராஜியாம். "சீ, இவ்வளவுதானா! விதைதான் செலவு" என்று தமாரா தலையில் அடித்துக்கொண்டாள். நான் சாப்பிடவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று மத்தியானம் ஒரு மணிக்கு அதே எண்ணிலிருந்து ஒரு வரி வந்தது. "ஒப்படைச்சாச்சு அத்தை. இருபத்தொன்பது மணி நேரம். தூங்கப் போறேன்." அதைப் படித்துவிட்டு நன்றாக அழுதேன், முகம் கழுவக்கூட ஒரு டம்ளர் தண்ணீர்தான் மிச்சம் இருந்தது.

6 ஜூலை, வியாழன்

பெத்ரோ பன்னிரண்டு மணிக்கு வருகிறார், இந்தத் தடவை கட்டாயம். புதுக் கண்ணாடி போட்டுவிட்டாராம்.

இந்தப் பத்து நாளில் அந்த எண்ணுக்கு நானே எட்டுத் தடவை போட்டுப் பார்த்தேன். அணைந்து கிடக்கிறது. அந்தக் காவல்காரனை வேறு எங்காவது மாற்றியிருப்பார்கள், அல்லது போனைக் கொடுத்ததற்காக அவனைப் பிடித்திருப்பார்கள். அவனைப் பிடித்தால் நஸாரையும் கேட்பார்கள் என்று தமாரா சொன்னாள். வாயை மூடடி என்றேன். நஸார் அந்தப் பலகையைவிட்டு நகர மாட்டான், அவனை நகர்த்தினால் அவர்களுக்குத்தான் ஆபத்து, அது அவர்களுக்கும் தெரியும். இதில் எனக்கு நம்பிக்கை உண்டு.

செவ்வாய்க்கிழமை இரவு உலையை வெடிக்க வைக்கப் போகிறார்கள், கூரை மேல் ஏதோ கட்டி வைத்திருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. நீயும் கேள்விப்பட்டிருப்பாய், தமாராவின் போனுக்குக் கூப்பிட்டு என்னைப் பற்றி விசாரித்தாயாமே. அவள் வந்து சொன்னாள், நீ அழுதாய் என்று. பாதிக் கட்டடம் காலியாயிற்று. தமாரா ஜன்னலுக்கெல்லாம் ஈரத் துணி அடைத்து, புது வலை ஒன்று போட்டுக்கொண்டு, குளியல் தொட்டிக்குள் படுத்துக்கொண்டாள். நான் ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டேன். என் மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்திருக்கிறான், எனக்கென்ன பயம்? காலையில் எழுந்து பால்கனிக்குப் போய் எண்ணினேன். ஆறும் நின்றன. சேறு காய்ந்த இடத்தில் பச்சையாக வில்லோச் செடிகள் முளைத்திருக்கின்றன, முழங்கால் உயரம் வந்துவிட்டது. தமாராவைத் தொட்டியிலிருந்து தூக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது.

சரி, பெட்டி விஷயம். இந்த வருஷம் ஊருக்கு வெளியே நம் தோட்டத்தில் புளிப்புச் செர்ரி கிளை ஒடியக் காய்த்திருக்கிறது. வீட்டில் உள்ள ஜாடி எல்லாவற்றிலும் தண்ணீர்தான் பிடித்து வைத்திருக்கிறேன். ஆனாலும் மூன்று ஜாடியைக் காலி செய்து ஜாம் போட்டேன், அந்தத் தண்ணீரில் துணி துவைத்துக்கொண்டேன், வீணாக்கவில்லை. இரண்டு ஜாடி உனக்கும் ஸ்லாத்தாவுக்கும். கொட்டை எடுத்துப் போட்டிருக்கிறேன், குழந்தைக்குப் பயமில்லாமல் கொடு. சிவப்பு மூடி போட்ட மூன்றாவது ஜாடியில் கொட்டையை எடுக்கவில்லை. யாருக்கு அப்படிப் பிடிக்கும் என்று உனக்கே தெரியும். படகில் ஏறி அக்கரையிலிருந்து வருவான், கையில் மீன் இருக்கும், வந்ததும் அந்த ஜாடியைத்தான் தேடுவான். கொட்டையைத் துப்பித் துப்பி என் பால்கனியையே அசிங்கம் பண்ணுவான். அதைத் திறக்காதே. அவன் வந்து திறக்கட்டும்.

உன் திருமணச் சான்றிதழையும் அனுப்பியிருக்கிறேன். பத்து நாளாக அதை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஒளித்து வைத்துவிட்டுத் தொலைந்துபோயிற்று என்று சொல்லிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். அது உன்னுடையது, நான் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. பெட்டியின் அடியில், சிவப்பு மூடி ஜாடிக்குக் கீழே விரித்து வைத்திருக்கிறேன். எடுக்க வேண்டுமென்றால் முதலில் ஜாடியைத் தூக்க வேண்டியிருக்கும், பார்த்துத் தூக்கு. நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி உன்னிடம் ஒப்படைத்துவிட்டேன். இனி உன் பாடு.

நீ என்மேல் கோபமாக இரு, ஒரு வருஷம்கூட இரு. நான் இங்கேதான் இருப்பேன், கப்பியும் இருக்கும். ஒரே ஒரு காரியம் மட்டும் எனக்காகச் செய். உன் போனை எடுத்து, ஜூன் இருபத்து நாலாம் தேதி, உங்கள் ஊர் நேரம் நாலு மணிக்குச் சற்று முன்னால் பார். தெரியாத எண்ணிலிருந்து இரண்டு தவறிய அழைப்பு இருக்கும். பார்த்தாயா? இனிமேல் அப்படி ஏதாவது எண் வந்தால், எதிரி நாட்டு எண்ணாகவே இருந்தாலும், அடைக்காதே. எடு. பேச வராவிட்டால் பேச வேண்டாம். போனை ஸ்லாத்தாவிடம் கொடு, அவள் பேசுவாள். அவனுக்குக் கிடைப்பது மூன்று நிமிஷம்தான், அதில் இரண்டு நிமிஷம் தண்ணீர் வருகிறதா என்று கேட்டே வீணாக்குவான், அதனால் நீ முந்திக்கொள்.

கர்த்தர் உங்களைக் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடுங்கள், கால் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே பெத்ரோ ஹாரன் அடிக்கிறார், பெட்டியைக் கயிற்றில் கட்டி இறக்கப் போகிறேன்.

என்றும்,
யாரினாவுக்கும் நஸாருக்கும் அம்மாவான
லீதியா